தோள் மாற்றும் இடம்

அன்றைக்கு மண்டப வாசலில் நின்றவர்கள் இவர்கள். டிரம்பெட் ஊதும் மாஸ்டர். பேண்டு செட்டு அவருடையது. கிளாரினெட் ஊதும் அண்ணன். எங்களில் மூத்தவர், மாஸ்டரின் அப்பா காலத்திலிருந்து இருப்பவர். ஈபோனியம் என்கிற பெரிய பித்தளைக் குழல் ஊதுகிறவர். அவருக்குக் காது கொஞ்சம் மந்தம். சைடு டிரம் அடிக்கிறவன். மாஸ்டரின் அக்கா மகன். ஜால்ரா தட்டுகிறவர். மற்ற நாளில் ஆட்டோ ஓட்டுகிறார். கடைசியில் நான். பெரிய டிரம்.

அவிநாசி ரோட்டில் ஒரு கல்யாண மண்டபம். சாயங்கால ரிசப்ஷன். மாப்பிள்ளையை ஊதிக் கூட்டிவந்து வாசலில் விட்டாயிற்று. எங்கள் வேலை முடிந்தது. இரண்டாம் பந்தியில் உட்காருங்கள் என்று சொல்லியிருந்தார்கள். இந்த மாதிரி வார்த்தையை நான் நம்புவதில்லை. பந்தி தள்ளித் தள்ளிப் போய், கடைசியில் ரசம்தான் மிஞ்சும். அதனால் சமையல்கட்டுப் பக்கம் ஒரு கண் வைத்தபடி நின்றேன்.

உள்ளே விளக்கை அணைத்தார்கள். புகை விட்டார்கள். பொண்ணு வருகிறது என்றார்கள். ஸ்பீக்கரில் வயலின் கிளம்பியது. ஒருவர் இருவர் இல்லை, ஒரு கூட்டமே சேர்ந்து வாசிக்கிற சத்தம்.

எனக்கு மெட்டு தெரியாது. அடி தெரியும். அதனால் அந்தப் பாட்டை முதலில் கண்டுகொண்டது என் கைதான். வலது கை தானாக மேலே போய்விட்டது. டிரம்மில் விழுவதற்குள் நிறுத்திக்கொண்டேன். திரும்பினால் மாஸ்டர் என்னையே பார்க்கிறார்.

"மாமா, இது நம்ம பாட்டல்லங்க?" என்றான் சைடு டிரம்காரன்.

நம்ம பாட்டுதான். பொணம் எடுக்கும்போது நாங்கள் வாசிக்கிற பாட்டு.

உள்ளே பொண்ணு தலையைக் குனிந்துகொண்டு நடந்து வருகிறது. இரண்டு பக்கமும் பூ எறிகிறார்கள். வயலின் எங்கள் சாவுப் பாட்டை வாசிக்கிறது. முன்வரிசையிலிருந்து ஒரு பெரியவர் எழுந்து விறுவிறுவென்று வாசலுக்கு வந்தார். அன்னூர்ப் பக்கத்து ஆள். எங்கள் யூனிபாரத்தைப் பார்த்ததும் முகம் மாறிவிட்டது.

"ஏனுங்க, ஆருங்க தவறிப்போனது?"

"ஆரும் தவறலீங்க" என்றார் மாஸ்டர்.

"எங்க அண்ணன எடுக்கறப்ப நீங்கதானுங்களே வாசிச்சீங்க. இந்தப் பாட்டுத்தானுங்களே?"

"நாங்க இப்ப வாசிக்கலீங்க. உள்ள ஸ்பீக்கர்ல போடறாங்க."

"எழவுப் பாட்டப் போட்டா புள்ளயக் கூட்டியாராங்க? அட கெரகமே!"

அவரை ஜால்ராக்காரர் கையைப் பிடித்து ஓரமாகக் கூட்டிப்போய் உட்கார வைத்தார். மாஸ்டர் உள்ளே போனார். நானும் பின்னால் போனேன். மைக் செட்டுக்காரன் போனைத் திருப்பிக் காட்டினான். பெரிய ஹால். கறுப்புக் கோட்டு போட்ட வெள்ளைக்காரர்கள் வரிசை வரிசையாக உட்கார்ந்து வாசிக்கிறார்கள். முன்னால் ஒருவன் குச்சியை ஆட்டுகிறான்.

"உலகம் பூராவும் ஓடுதுங்ணா. இப்ப எல்லா ரிசப்ஷனுக்கும் பொண்ணு என்ட்ரி இதான்" என்றான்.

இரண்டாம் பந்தியில் எங்களுக்கு இடம் கிடைத்தது. அன்றைக்குப் பார்த்து யாருக்கும் சோறு இறங்கவில்லை.

அந்தப் பாட்டைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். அது மாஸ்டரின் அப்பா போட்ட மெட்டு என்றுதான் நாங்கள் எல்லோரும் நினைத்திருந்தோம். அவரும் டிரம்பெட்தான். போய்ச் சேர்ந்துவிட்டார். அவரை எடுத்தபோதும் அதைத்தான் வாசித்தோம். காரமடை, அன்னூர், கோபி வரைக்கும் பெரிய சாவு என்றால் எங்கள் செட்டைக் கூப்பிடுவார்கள். கூப்பிடுவதே அந்தப் பாட்டுக்காகத்தான்.

பாட்டின் நடுவில் ஒரு இடம் உண்டு. அங்கே எல்லா ஊதுகுழலும் நின்றுவிடும். என் டிரம் மட்டும் கேட்கும். பிறகு மறுபடி பாட்டு எழும். அந்த இடத்தில்தான் பாடை தூக்குகிறவர்கள் தோள் மாற்றிக்கொள்வார்கள். வலது தோளிலிருந்து இடது தோளுக்கு. எங்கள் பாட்டுக்குத் தூக்கிப் பழகிய ஊர்களில் யாரும் சத்தம் போட்டு 'மாத்து' என்று சொல்ல வேண்டியதில்லை. டிரம் தனியாகக் கேட்டால் தோள் தானாக மாறும். மாஸ்டரின் அப்பா தூக்குகிறவன் கஷ்டம் தெரிந்து அந்த இடத்தை வைத்தார் என்று ஊரில் சொல்வார்கள். அதற்கே அவருக்கு நல்ல பேர்.

மறுநாள் காலையில் கடையில் கூடினோம். உக்கடத்தில் எங்கள் பேண்டு கடை ஒரு ஷட்டர் அளவு. யூனிபாரம் தொங்கும். டிரம் எல்லாம் பரணில் இருக்கும். மாஸ்டர் பெஞ்சில் உட்காராமல் நின்றுகொண்டே இருந்தார்.

"இந்தப் பாட்டு நம்மள உட்டா ஆருக்கும் தெரியாது. அப்பறம் எப்படி அங்க போச்சு?"

சைடு டிரம்காரன்தான் வாயைத் திறந்தான்.

"போன தேர்த் திருவிழாவுக்கு ஒரு தாடிக்காரன் வந்தானல்லங்க மாமா. நாய்க்குட்டி மாதிரி மயிரு மயிரா மைக்கு வெச்சுட்டு."

எல்லோரும் கிளாரினெட் அண்ணனைப் பார்த்தோம். அந்தத் திருவிழா அவருடைய சர்ச்சில் நடந்தது. ஊர் ஊராகப் போய்ப் பாட்டுப் பதிவு பண்ணுகிற அந்தத் தாடிக்காரன் எங்கள் எல்லோரையும் பதிவு பண்ணினான். பிறகு அண்ணனை மட்டும் சர்ச்சுக்குப் பின்னால் கூட்டிக்கொண்டு போனான். வெகு நேரம் கிளாரினெட் சத்தம் தனியாகக் கேட்டது. அது எங்கள் எல்லோருக்கும் ஞாபகம் இருந்தது. அப்புறம் இன்னொன்றும் ஞாபகம் வந்தது. அந்த வருசம்தான் அண்ணன் கையில் புது கிளாரினெட் வந்தது. வெள்ளி மாதிரி மின்னுகிற கட்டைகள் வைத்தது. மகள் வளைகுடாவில் நர்ஸாக இருக்கிறாள், அவள் அனுப்பினாள் என்று சொல்லியிருந்தார்.

"அவனுக்கு என்ன வாசிச்சுக் காமிச்சீங்ணா?" என்றார் மாஸ்டர்.

"கேட்டான். வாசிச்சேன்."

"எதைங்ணா?"

"எல்லாத்தையுந்தான்."

"அப்பா பாட்டையுமா?"

"அதையுந்தான்."

"வித்துப்போட்டீங்களா?"

அண்ணன் கிளாரினெட்டின் வாய்ப்பகுதியைத் துணியால் துடைத்துக்கொண்டிருந்தார். துடைப்பதை நிறுத்தவில்லை.

"இல்ல" என்றார்.

"அப்பறம் எப்படித்தான் போச்சு? நீங்களே சொல்லுங்க."

நான் பல வருசமாக அவர் பக்கத்தில் நின்று அடிக்கிறவன். அவர் எப்போது மூச்சு எடுப்பார் என்று எனக்குத் தெரியும். தெரிந்தால்தான் அடி சரியாக விழும். மாஸ்டர் அந்தக் கேள்வியைக் கேட்டபோது அவர் மூச்சை எடுத்தார். பேசப் போகிறார் என்று நினைத்தேன். பேசவில்லை. எடுத்த மூச்சை அப்படியே விட்டுவிட்டார். இவருக்கு என்னமோ தெரியும், மறைக்கிறார் என்று அப்போதே முடிவு கட்டிவிட்டேன்.

மாஸ்டரும் அதையே நினைத்திருக்க வேண்டும்.

"ஞாயித்துக்கெழம வரைக்கும் பாக்கறேன்ங்ணா. அதுக்குள்ள வந்து நடந்ததச் சொல்லுங்க. சொல்லலீன்னா செட்டுக்கு வேற கிளாரினெட்டப் பாத்துக்கறேன். தப்பா நெனச்சுக்காதீங்க."

"செரிங்க மாஸ்டர்" என்றார் அண்ணன். வயசில் சின்னவர் என்றாலும் அவரை அண்ணன் எப்போதும் அப்படித்தான் கூப்பிடுவார்.

வயசான ஆள். இந்தச் செட்டை விட்டால் அவருக்கு வேறு செட்டு இல்லை. இப்போது எல்லாச் செட்டிலும் சின்னப் பையன்களைத்தான் சேர்க்கிறார்கள். இது எல்லோருக்கும் தெரியும். தெரிந்தும் நான் ஒரு வார்த்தை பேசவில்லை. எனக்கும் சந்தேகம் இருந்தது.

அந்த வாரம் முழுக்க அவரைக் கவனித்தேன். டீக்கடையில் போன் வந்தால் தள்ளிப்போய்ப் பேசுகிறாரா என்று பார்த்தேன். உட்கார்ந்த இடத்திலேயே பேசினார். என்னை வைத்துக்கொண்டு நடிக்கிறார் என்று நினைத்தேன். கிளாரினெட் பெட்டியின் மூடியில் ஒரு சீட்டு ஒட்டியிருந்தது. அதைச் சைடு டிரம்காரனைப் படிக்கச் சொன்னேன். துபாய்க் கடைப் பேர் போட்டிருக்குது என்றான். மகள் வாங்கினாளா, தாடிக்காரன் வாங்கிக் கொடுத்தானா என்று சீட்டில் எழுதியிருக்குமா?

வீட்டில் மகன் போனில் அந்த வெள்ளைக்காரர் கூட்டத்தைப் போடச் சொன்னேன். அரிசி டப்பாவைக் கவிழ்த்து வைத்துக்கொண்டு கூடவே அடித்தேன். சம்சாரம் சமையல்கட்டிலிருந்து எட்டிப் பார்த்தாள்.

"ஊட்டுக்குள்ள எழவுப் பாட்ட அடிக்கறீங்களே, ஆர எடுக்கறதுக்கு?"

"சும்மா இரு. கேட்டுட்டு இருக்கறேன்."

நடு இடம் வந்தது. நான் தனியாக அடித்தேன். ஆனால் அவர்கள் நிறுத்தவில்லை. அங்கே வயலின் எல்லாம் மேலே ஏறி, ஒரு சுற்று சுற்றி, இறங்கி வந்து சேர்ந்துகொண்டது. என் அடி அதன் குறுக்கே விழுந்து கெட்டுப்போனது. திரும்பப் போடச் சொன்னேன். அப்போதும் அதேதான். நாங்கள் சும்மா இருக்கிற இடத்தில் அவர்களிடம் பாட்டு இருக்கிறது.

இதை மாஸ்டரிடம் போய்ச் சொன்னேன்.

"அண்ணன்கிட்ட இருந்து எடுத்திருந்தா, நிக்கற எடத்துல அவங்களும் நின்னிருப்பாங்களல்லங்க?"

மாஸ்டர் யோசித்தார். பிறகு தலையை ஆட்டினார்.

"அவனுக எங்க பொணந்தூக்கறானுக? அவனுகளுக்குத் தோள் மாத்தற எடம் எதுக்கு? பள்ளமா இருக்குதுன்னு மண்ணக் கொட்டி நெரப்பிட்டானுக."

அதுவும் சரியாகத்தான் பட்டது. திரும்பி வந்துவிட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை அண்ணன் கடைக்கு வந்தார். யூனிபாரத்தைத் துவைத்து இஸ்திரி போட்டு ஒரு ஜவுளிக்கடைப் பையில் வைத்துக் கொண்டுவந்திருந்தார். பெஞ்சில் வைத்தார். "வாரேனுங்க" என்றார். போய்விட்டார். மாஸ்டர் அந்தப் பையைத் தொடவே இல்லை. ஜால்ராக்காரர்தான் எடுத்து உள்ளே மாட்டினார்.

அடுத்த வாரத்திலேயே அன்னூருக்குப் பக்கத்தில் ஒரு பெரிய சாவு. திருப்பூரிலிருந்து ஒரு கிளாரினெட்காரனை வரவழைத்தோம். கெட்டிக்காரன். டெம்போவில் வரும்போதே "பாட்டு எனக்குத் தெரியுமுங்ணா, போன்ல கேட்டு எடுத்துட்டேன்" என்றான். எதற்கும் நடு இடத்தைப் பற்றி அவனிடம் சொல்லி வைத்தேன். "ஓகேங்ணா, ஓகேங்ணா" என்றான். இரண்டு தடவை ஓகே சொன்னதும் எனக்கு நம்பிக்கை போய்விட்டது.

சோளக்காட்டு ஓரமாகப் பாடை போகிறது. நடு இடம் வந்தது. மாஸ்டர் நிறுத்தினார். ஈபோனியம் நின்றது. நான் தனியாக அடித்தேன். திருப்பூர்க்காரன் மட்டும் நிறுத்தவில்லை. போனில் கேட்டபடியே மேலே ஏறிப் போனான். பாடையின் முன்னால் இருந்தவர்கள் டிரம்மைக் கேட்டுத் தோள் மாற்றினார்கள். பின்னால் இருந்தவர்கள் கிளாரினெட்டைக் கேட்டு, இன்னும் இடம் வரவில்லை என்று நின்றார்கள். பாடை ஒரு பக்கமாகச் சாய்ந்தது. செத்தவரின் தலை மாலையோடு நழுவியது. நாலு பேர் பாய்ந்து பிடித்தார்கள். பொம்பளைகள் கத்தினார்கள்.

செத்தவரின் மகன் நேராக மாஸ்டரிடம் வந்தார்.

"ஏனுங்க, எங்கய்யனக் கீழ போடறதுக்கா உங்களக் கூப்பிட்டது?"

"மன்னிச்சுக்கங்க. புது ஆளுங்க."

"அந்தப் பெரியவர் எங்கீங்க? கிளாரினெட்டுக்காரரு?"

"அவரு வரலீங்க."

"அவரு இல்லாம எதுக்குங்க வந்தீங்க?"

மாஸ்டர் தலையைக் குனிந்துகொண்டார். மீதி வழி முழுக்க அந்தப் பாட்டை விட்டுவிட்டு வேறு பாட்டு வாசித்தோம்.

எங்கள் கடைக்கு ஒட்டின கடை ஒரு பாயுடையது. இப்போது போன் கவரும் சார்ஜரும் விற்கிறார். அந்தக் காலத்தில் பாட்டுக் கேசட் பதிவு பண்ணித் தருகிற கடையாக இருந்தது. மறுநாள் நான் ஷட்டரைத் திறக்கும்போது வந்தார்.

"என்னப்பா, பெரியவர ஒரு வாரமாக் காணோம்? உடம்புக்கு முடியலியா?"

நடந்ததைச் சொன்னேன். பாய் முதலில் சிரித்தார். பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டார்.

"அடப்பாவிகளா! அந்தப் பாட்டு எங் கடையிலிருந்து போனதுப்பா."

"எப்படிங்க பாய்?"

"கப்பல்ல வேலை பாத்த ஒருத்தர் ஒரு கேசட் கொண்டாந்தாரு. வெளிநாட்டுப் பாட்டு. ஒரு பொம்பள பாடும், கூட ஒரு கிட்டார். காப்பி எடுக்கச் சொல்லிக் குடுத்தாரு. என்ற மிஷின் அதத் தின்னுபோடுச்சு. நசுங்கின எடத்தை வெட்டி எறிஞ்சுட்டேன். அந்த எடத்துல ஒரு சாண் நீளத்துக்கு வெத்து டேப்பை வெச்சு ஒட்டினேன். சத்தம் வராது, ஆனா ஓடும். உங்க பழைய மாஸ்டர் இந்த ஸ்டூல்ல உக்காந்து அதைப் போடச் சொல்லிப் போடச் சொல்லிக் கேப்பாரு. அப்படித்தான் உங்க பாட்டுல நடுவுல நிக்குது."

நான் அவர் முகத்தைப் பார்த்தேன். பழைய கடைக்காரர்கள் எல்லாவற்றையும் தங்கள் கடையில் தொடங்கியதாகச் சொல்வார்கள். போதாததற்கு, சுவருக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்து எங்கள் பாட்டை வருசக்கணக்காகக் கேட்கிறவர். நடுவில் நிற்கிறது என்று தெரிந்துகொள்ள அவருக்குக் கேசட் வேண்டியதில்லை.

"அந்தக் கேசட் இருக்குதுங்களா?"

"எங்க இருக்கும்? அந்தக் கப்பல்காரர் சண்டை போட்டு வாங்கிட்டுப் போயிட்டாரு."

"அப்ப எப்படிங்க நம்பறது?"

பாய்க்குக் கோபம் வந்துவிட்டது. "வாம்மா இங்க" என்று மகளைக் கூப்பிட்டார். அந்தப் பிள்ளை கல்லாவில் உட்கார்ந்திருந்தது. காலேஜ் முடித்த பிள்ளை. விசயத்தைக் கேட்டுவிட்டு போனில் அந்த வெள்ளைக்காரர் வாசிப்பை எடுத்து, அதற்குக் கீழே எழுதியிருந்ததைத் தமிழில் சொன்னது.

ஒரு துறைமுக ஊராம். நாட்டின் பெயரைச் சொன்னது, என் வாயில் நிற்கவில்லை. மீன் சந்தைக்குப் பக்கத்தில் ஒரு சாப்பாட்டுக் கடையில் பாடுகிற பெண் பாடிய பாட்டாம். அந்த நாட்டில் அந்தக் காலத்தில் எல்லா ரேடியோவிலும் ஓடியதாம். பிறகு மறந்துபோய்விட்டார்கள். வெகு காலம் கழித்து ஒரு ஆள், பெரிய பெரிய வாத்தியக் கூட்டத்துக்கு எழுதிக் கொடுக்கிறவர், ஒரு டாக்சியில் போகும்போது டிரைவர் அதை முணுமுணுத்ததைக் கேட்டாராம். வார்த்தையை எல்லாம் எடுத்துவிட்டு வயலினுக்கு எழுதினாராம். முதலில் வாசிக்கவே மாட்டோம் என்றார்களாம், கடைத்தெருப் பாட்டு என்று. ஒரு நாள் கச்சேரி முடிந்து சனம் எழுந்து போகாமல் கைதட்டிக்கொண்டே இருந்ததால், கையில் வேறு ஒன்றும் இல்லாமல் இதை வாசித்தார்களாம். அங்கிருந்து நாடு நாடாகப் போய்விட்டது.

"அவர் ஆரு பேரப் போட்டிருக்காரு?" என்றேன்.

பிள்ளை தேடிப் பார்த்தது.

"முதல்ல தானே எழுதினதுன்னு போட்டிருக்காருங்க. அந்தப் பாட்டுக்காரம்மா வீட்டுல கேஸ் போட்டிருக்காங்களாம்."

"அங்கயும் அப்படித்தானா?" என்றார் பாய்.

அதையும் நான் நம்பவில்லை. போனில் யார் வேண்டுமானாலும் எழுதலாம். அந்தப் பெண் பாடியது இருக்கிறதா என்று கேட்டேன். கொஞ்ச நேரம் தேடி எடுத்துவிட்டது. படம் இல்லை. ஒரு கறுப்புக் கிராமபோன் தட்டின் போட்டோ மட்டும். எண்ணெய் கொதிக்கிற மாதிரி இரைச்சல். கிட்டார். பிறகு ஒரு பெண் குரல். அழுகைக் குரல் இல்லை. யாரையோ கேலி பண்ணுகிற குரல். எங்கள் சாவுப் பாட்டை அவள் சிரித்துக்கொண்டே பாடினாள்.

கல்லா மேஜையில் விரலால் அடித்துக்கொண்டே போனேன். நடு இடம் வந்தது. நாங்கள் நிற்கிற இடத்தில் அவள் மேலே ஏறி, ஒரு சுற்றுச் சுற்றி இறங்கினாள். வயலின் கூட்டம் வாசித்ததும் திருப்பூர்க்காரன் வாசித்ததும் அதேதான். பதிவான வருசத்தை அந்தப் பிள்ளை படித்தது. அப்போது மாஸ்டரின் அப்பா டிரம்பெட்டைத் தொட்டிருக்கவே மாட்டார்.

அன்று மத்தியானம் புலியகுளத்தில் அண்ணன் வீட்டுக்குப் போனேன். வாசல் படியில் உட்கார்ந்து முருங்கைக் கீரை உருவிக்கொண்டிருந்தார்.

"வா அப்புனு."

நான் உட்கார்ந்தேன். பாய் சொன்னதையும் அவர் மகள் போனில் படித்ததையும் சொன்னேன். அவர் கீரையை உருவிக்கொண்டே கேட்டார். மறுக்கவில்லை.

"கேசட்டு கேக்கறப்ப நானும் கூடத்தான் இருந்தேன்" என்றார்.

"பின்ன ஏனுங்க மாஸ்டர்கிட்டச் சொல்லல?"

"முதல் தடவை வாசிச்சது கோபிப் பக்கம் ஒரு எழவுல. 'ஆரு மெட்டுங்க இது?'ன்னு ஒருத்தர் கேட்டாரு. பழைய மாஸ்டரு வாயத் தொறக்கறதுக்குள்ள நாந்தான் சொன்னேன், எங்க மாஸ்டர் போட்டதுங்கன்னு. பெருமைக்குச் சொன்னது. அவரு இல்லீன்னு சொல்லல. அதுக்கப்பறம் ஊரே சொல்லுச்சு. இப்ப அவரும் இல்ல. நான் போயி அந்தப் பையன்கிட்ட, உங்கப்பன் போட்டதில்ல கண்ணுன்னு சொல்லச் சொல்றியா?"

"நீங்க வித்துப்போட்டீங்கன்னு நெனச்சுட்டு இருக்காரு."

"இருக்கட்டும். நான் வித்ததாவே இருக்கட்டும். நீ ஒண்ணும் சொல்லாத."

நான் சரி என்று சொல்லவில்லை. மாட்டேன் என்றும் சொல்லவில்லை. கீரை உருவி முடிந்ததும் எழுந்து வந்துவிட்டேன். வழியில் யோசித்தேன். தான் நல்லவனாக இருப்பதற்காக ஒரு மனுசன் இவ்வளவு தூரம் போவானா? அந்தத் துபாய்ப் பெட்டி மறுபடியும் மனசில் வந்தது. வெகு நாளாகச் சந்தேகப்பட்டுப் பழகியவனுக்கு அது லேசில் போகாது. ஆனால் அந்தப் பாட்டுக்காரி பொய் சொல்ல முடியாது. அவளுக்கு எங்களைத் தெரியாது.

மறுநாள் காலையில் மாஸ்டரைப் பாய் கடைக்குக் கூட்டிப்போனேன். "அந்தப் பழைய பாட்டப் போடு கண்ணு" என்று பிள்ளையிடம் சொன்னேன். வேறு எதுவும் நான் சொல்லவில்லை.

மாஸ்டர் நின்றபடியே கேட்டார். முடிந்ததும் இன்னொரு தடவை போடச் சொன்னார். பாய் ஸ்டூலை நகர்த்திப் போட்டார். மாஸ்டர் அதில் உட்காரவில்லை. அது அவர் அப்பா உட்கார்ந்த ஸ்டூல் என்று பாய் சொன்ன பிறகும் உட்காரவில்லை. வெட்டியது, ஒட்டியது, வயலினுக்கு எழுதின ஆள் மேல் நடக்கிற கேஸ் எல்லாவற்றையும் பாய் சொன்னார்.

"அண்ணனுக்கு இது தெரியுமா?" என்றார் மாஸ்டர்.

"அவருந்தான் பக்கத்துல உக்காந்திருப்பாரு. தெரியாம இருக்குமா?" என்றார் பாய்.

மாஸ்டர் என் பக்கம் திரும்பினார்.

"உனக்கு எப்பத் தெரியும்?"

"நேத்துங்க."

"அண்ணனப் போயிப் பாத்தியா?"

"பாத்தேனுங்க."

"என்ன சொன்னாரு?"

"உங்ககிட்டச் சொல்ல வேண்டாம்னாருங்க."

மாஸ்டர் என்னை வெகு நேரம் பார்த்தார். நம்பலாமா என்று பார்க்கிற பார்வை. எனக்கு அது தெரியும், நானே எல்லோரையும் அப்படித்தான் பார்க்கிறவன். பிறகு கடைக்குள் போய் அந்த ஜவுளிக்கடைப் பையைத் தேடினார். யூனிபாரம் ஆணியில் தொங்கியது. எடுத்து மடித்துப் பையில் போட்டுக்கொண்டு வண்டியைக் கிளப்பினார். "ஏறு" என்றார்.

அண்ணன் வீட்டு வாசலில் மாஸ்டர் பையை நீட்டினார்.

"கோட்டப் போட்டுட்டுக் கெளம்புங்ணா. காரமடைல ஒரு எடுப்பு இருக்குது."

அண்ணன் என்னைப் பார்த்தார். திட்டுவார் என்று நினைத்தேன். திட்டவில்லை. பையை வாங்கிக்கொண்டார். உள்ளே போகவில்லை, அங்கேயே நின்றார்.

"அப்பன் திருடித்தான் வாசிச்சாரு. அப்படித்தானுங்களே?" என்றார் மாஸ்டர்.

"திருட்டில்லீங்க மாஸ்டர். கேட்டாரு, புடிச்சுது, வாசிச்சாரு. அந்த வெள்ளைக்காரன் செஞ்சதுந்தான் அது."

"அந்தாளு மேல கேஸ் நடக்குதுங்ணா."

அண்ணன் பையை அக்குளில் இடுக்கிக்கொண்டார்.

"டேப்புல அந்த எடத்துல சத்தமே இல்லீங்க. சும்மா ஓடும். நாங்கூடச் சொன்னேன், அதை உட்டுட்டு மேல வாசிக்கலாமுங்கன்னு. உங்கப்பாதான் வேண்டாம்னாரு. பாடை தூக்கறவன் தோள் மாத்திக்கட்டும், அங்க டிரம்ம மட்டும் அடிக்கச் சொல்லுன்னாரு. அதை அவருக்கு ஆரும் சொல்லித்தரல. அந்தக் கேசட்டுல இல்ல, பொம்பள பாட்டுலயும் இல்ல."

மாஸ்டர் தெருவைப் பார்த்தபடி நின்றார்.

"அப்ப அது எங்கப்பனோடது."

"அது அவரோடதுங்க."

"எத்தன அடிங்ணா அது?"

அண்ணன் என்னைக் கையைக் காட்டினார். நான் டிரம் கொண்டுவரவில்லை. கதவு நிலையில் உள்ளங்கையால் அடித்தேன், பாடைக்கு அடிக்கிற அதே நிதானத்தில். மாஸ்டர் விரலை மடக்கி எண்ணினார்.

மூன்று.